பாலிஷ் நேரம்

மரத்துக்கு மெருகு போடும் பாலிஷ்காரர் குடியை விட்டுவிட்டார் என்று தெருவே நம்பியது. டீக்கடைக்காரர் நம்பினார். வீட்டு உரிமையாளர் நம்பினார். கடவுளே நேரில் வந்தாலும் அடையாள அட்டை கேட்கக்கூடிய அவருடைய அக்காகூட நம்பிவிட்டாள். நம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை ஒன்றுதான்.

பார்க்கக் கைக்கடிகாரம் போலிருக்கும், மணி மட்டும் காட்டாது. சிகிச்சை முடிந்து மறுவாழ்வு மையத்திலிருந்து வீட்டுக்கு அனுப்புகிற அன்று, அங்கிருந்த ஆலோசகர் அம்மா அதை மாட்டிவிட்டு விளக்கம் சொன்னார். குடித்தால் குடித்தது வியர்வையிலும் கசியுமாம். பட்டை அதை மோப்பம் பிடித்து பாலிஷ்காரருடைய போனுக்குச் சொல்லும். அந்தப் போன், அவர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவர்களுடைய போனில் போய் அலறும். யாரைப் போடலாம் என்று கேட்டபோது அவர் முதலில் மனைவியைக் காட்டினார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, "எங்க அக்காவையும் போட்டுடுங்க. போடலைன்னா அதுக்கு வேற தனியா அலறுவா" என்றார்.

அக்காவுக்கு அந்தப் பக்கத்தில் சைரன் என்று பெயர். மாடியில் குடியிருந்தாள். பால்கனியில் நின்று "டேய் தம்பி" என்று ஒரு குரல் கொடுத்தால், முக்கில் பேருந்துக்குக் காத்திருக்கிற தம்பிகள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். மனைவியை எல்லோரும் லென்ஸம்மா என்றார்கள். கண்ணாடிக்கடையில் சட்டத்துக்குள் லென்ஸ் பொருத்துவதும், குழந்தைகள் உட்கார்ந்து நசுக்கிய சட்டங்களை நிமிர்த்துவதும் அவள் வேலை. பாலிஷ்காரர் வீட்டில் அவளை 'லென்ஸு' என்பார். அவள் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது என்பது அவர் அனுபவம். பாட்டிலை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்தவள் அவள்தானே.

மையத்து டாக்டர் கடைசி நாளன்று அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "இந்தத் தடவை தப்பிச்சுட்டாரு. மறுபடி ஆரம்பிச்சா ஈரல் தாங்காதும்மா. அப்புறம் என்கிட்ட கூட்டிட்டு வந்து பிரயோஜனமில்ல." அவள் தலையை ஆட்டிவிட்டு வந்து, வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தாள். எத்தனையோ முறை 'இந்த மனுஷன் எக்கேடு கெட்டும் போகட்டும்' என்று வைதிருக்கிறாள். அப்படியெல்லாம் போய்விடக் கூடாது என்றுதான் வைதாள் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே வந்தது வினை.

லென்ஸம்மா அப்போது ஒரு சட்டத்தின் கீலில் திருகாணி ஏற்றிக்கொண்டிருந்தாள். கடுகை விடச் சின்னத் திருகாணி. மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுக்கியால் கொண்டுபோய் வைக்கிற நேரம் பார்த்து, மேஜை மேலிருந்த போன் தீப்பிடித்தது போல அலறியது. திருகாணி எங்கேயோ தெறித்தது. திரையில் சிவப்புக் கட்டத்துக்குள், 'தாங்கள் அன்பு செலுத்தும் நபருக்குத் தங்கள் உதவி தேவைப்படலாம்' என்று எழுதியிருந்தது. முதலாளி என்ன ஏது என்று கேட்பதற்குள் அவள் தெருவில் இருந்தாள்.

அவர் வேலை பார்க்கும் மரப்பட்டறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது, சைரன் அக்கா அவளுக்கு முன்பே அங்கே இருந்தாள். இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்பு. தம்பியின் தாடையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். சுற்றிலும் தச்சர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊதுடா!"

"அக்கா, எல்லாரும் பாக்கறாங்க…"

"பாக்கட்டும். குடிக்கிறப்ப பாக்கலியா? ஊது!"

நரை விழுந்த மனிதர், பேரன் பேத்தி எடுக்க வேண்டிய வயசு, அக்காவின் முகத்தில் ஊதினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். பிறகு லென்ஸம்மாவைப் பார்த்து, "நீ பாரும்மா, எனக்கு ஜலதோஷம்" என்றாள். லென்ஸம்மாவுக்கும் அவர் ஊதினார். காலையில் பல் துலக்கிய வாசனையும் டீ வாசனையும்தான் இருந்தன. ஆனால் அவருடைய கையிலிருந்த பஞ்சுத் துணியிலிருந்து குப்பென்று நெடி அடித்தது.

தலைமைத் தச்சர்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "அக்கா, அது ஸ்பிரிட்டு. அரக்கை ஸ்பிரிட்டுல கரைச்சுத்தானே பாலிஷ் போடுறோம். காலையிலேர்ந்து அதுலதான் கையை நனைச்சுட்டு இருக்காரு. பட்டைக்கு என்ன தெரியும் பாவம், வாய் வழியா போச்சா கை வழியா போச்சான்னு."

பட்டறையே கொல்லென்று சிரித்தது. பாலிஷ்காரரும் சிரித்தார். சைரன் அக்கா மட்டும், "சிரிங்கடா சிரிங்க, உங்களுக்கு என்ன, என் உசிரு போய் உசிரு வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, தம்பியின் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினாள். அடியா செல்லமா என்று சொல்ல முடியாத தட்டு.

அதற்குப் பிறகு பட்டையோடு அவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கையில் கட்டினால்தானே வம்பு என்று காலுக்கு மாற்றினார்கள். ஸ்பிரிட்டு ஆவியாகி அறை முழுக்க நிற்கிற சரக்கு; அதற்குக் கை என்ன, கால் என்ன? ரப்பர் உறை போட்டுப் பார்த்தார். உறைக்குள் கை வெந்து, பாலிஷ் திட்டுத் திட்டாக விழுந்து, மேஜைக்குச் சொந்தக்காரர் வந்து கத்திவிட்டுப் போனார். வேறு வேலை பார்க்க முடியுமா என்று ஆலோசகர் அம்மா கேட்டார். "இந்தக் கைக்கு வேற என்னம்மா தெரியும்?" என்று பாலிஷ்காரர் கையை விரித்துக் காட்டினார். நகக்கண் வரைக்கும் அரக்குச் சிவப்பு ஏறிய கை. ஆலோசகர் அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை.

இதற்கிடையில் கண்ணாடிக்கடை முதலாளி ஒரு காந்தத்தை வாங்கி வைத்துவிட்டார். போன் அலறும், திருகாணி தெறிக்கும், லென்ஸம்மா குனிந்து காந்தத்தால் தரையைத் தடவுவாள். தினம் பல தடவை புலி வருது புலி வருது என்றால் எத்தனை நாளைக்குத்தான் ஓடுவது? முதலில் ஓடினாள். பிறகு போன் செய்து கேட்டாள். அதற்கும் பிறகு, "ஒண்ணுமில்ல சார், பாலிஷு" என்று சொல்லிவிட்டுத் திருகாணியைத் தேடப் போனாள்.

கடைசியில் ஆலோசகர் அம்மாவே ஒரு வழி சொன்னார். போனிலிருந்த செயலியில் அவருக்கென்று தனியாக ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தார். வேலை ஆரம்பிக்கும்போது அதை அழுத்திவிட்டால் பட்டை மோப்பம் பிடிக்கும், குறித்துக்கொள்ளும், ஆனால் யார் போனும் அலறாது. வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். பொத்தானுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டபோது பாலிஷ்காரர் கொஞ்சம்கூட யோசிக்காமல், "பாலிஷ் நேரம்" என்றார்.

அந்தப் பொத்தான் வந்த பிறகு அந்த வீட்டில் நிலவிய அமைதியை என்னவென்று சொல்வது! வேலைக்குப் போனதும் பொத்தானை அழுத்துவார். சாயங்காலம் சைக்கிளை எடுக்குமுன் எடுத்துவிடுவார். ராத்திரியெல்லாம் பட்டை வாயே திறக்காது. குளிக்கும்போதுகூட அதைக் கழற்றவில்லை. முன்னெல்லாம் சம்பளத்தன்று அவர் வருகிற வழியைப் பார்த்து பயந்து நின்ற லென்ஸம்மா, இப்போது அவர் வருவதற்குள் டீ கொதித்து ஆறிவிடக் கூடாதே என்ற கவலையில் நின்றாள். அந்த மாதிரிக் கவலை கிடைக்க என்ன புண்ணியம் செய்திருக்க வேண்டும், சொல்லுங்கள்.

குடியை விட்ட கைகளுக்கு வீட்டில் வேலை போதவில்லை. பொத்தானை அழுத்திவிட்டுக் கதவுக்குப் பாலிஷ் போட்டார். அலமாரிக்குப் போட்டார். சைரன் அக்கா வீட்டு ஊஞ்சல் பலகைக்குப் போட்ட பாலிஷில், அக்கா உட்கார்ந்த வேகத்தில் வழுக்கி எதிர்ப்பக்கம் இறங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை லென்ஸம்மா சமையலறைக்குள் போனால், சப்பாத்திக் கட்டை முகம் பார்க்கிற அளவுக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

"இதுல எப்படிங்க மாவு தேய்க்கிறது? ஒரே ஸ்பிரிட்டு நாத்தம்!"

"தேய்க்க வேணாம் லென்ஸு. அழகுக்கு வெச்சுக்க."

"அழகுக்கு நான் இருக்கேன், போதாதா?"

அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒரு கோட்டு அடிச்சா இன்னும் நல்லாயிருக்கும்" என்றார். அவள் அதே கட்டையைத் தூக்கிக்கொண்டு அவரைத் துரத்தினாள். மாடியிலிருந்து, "அங்க என்னடா சத்தம்?" என்று சைரன் ஒலித்தது. கல்யாணமான புதிதில்கூட அவர்கள் இப்படிச் சிரித்ததில்லை.

செயலி தினமும் சாயங்காலம், 'தங்கள் மனநிலையைத் தெரிவிக்கவும்' என்று கேட்கும். "கோர்ட்டுல கூப்பிடற மாதிரியே கேக்குது பாரு" என்று முனகிக்கொண்டே, சிரித்த முகப் படத்தை அழுத்துவார். ஒரு நாளும் வேறு முகத்தை அழுத்தி அவள் பார்த்ததில்லை. நல்ல காலம் வந்துவிட்டது என்றுதான் அவளும் நினைத்தாள். நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

அப்போதுதான் ஹோட்டல் வேலை வந்தது.

ஊர் நடுவில் புதிதாக எழும்பிய ஹோட்டல். அதன் மதுக்கூடத்துக்கு, தம்ளர் வைத்துக் குடிக்க நீளமாக ஒரு தேக்கு மேடை செய்யும் வேலை பட்டறைக்குக் கிடைத்தது. தச்சு வேலை முடிந்து, மேடையை அங்கேயே கொண்டுபோய்ப் பொருத்திவிட்டார்கள். பாலிஷ் அங்கே போய்த்தான் போட வேண்டும். அந்த அளவுக்குப் பெரிய மரத்துக்கு மெருகேற்ற அவரை விட்டால் ஆளில்லை.

கேட்டதும் சைரன் அக்கா இடுப்பில் கையை வைத்தாள். "பூனையைக் கொண்டுபோய் பாலுக்குக் காவல் வெக்கிறதா? எவன்டா அனுப்புறது உன்னை?"

"அக்கா, அது வெறும் மரம். இன்னும் பாட்டிலே வரல. நான் முடிச்சப்புறம்தான் எல்லாம் வரும்."

போகாதே என்று சொல்ல லென்ஸம்மாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த மேடையைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தாள். "இந்த மாதிரி ஒரு பலகையை நான் தொட்டதே இல்ல லென்ஸு. ரேகை ஓடுது பாரு, தண்ணி ஓடற மாதிரி" என்று கண்ணில் வெளிச்சத்தோடு சொல்கிற மனுஷரிடம் எப்படிச் சொல்வது? நம்பினால் முழுசாக நம்ப வேண்டும் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். அரைகுறையாக நம்புவது அவருக்குச் செய்கிற அவமரியாதை என்று வேறு நினைத்தாள். நல்ல மனசு படைத்தவர்கள் செய்கிற தப்பெல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

போனார். தினமும் பாலிஷ் நேரத்தை அழுத்தினார், எடுத்தார், வீட்டுக்கு வந்தார், சிரித்த முகத்தை அழுத்தினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாகிவிட்டது, முதல் பூச்சு முடிந்தது, இரண்டாவது முடிந்தது என்று சாப்பிடும்போது சொன்னார். கடைசி வாரத்தில் பேச்சுக் குறைந்தது. அலுப்பாக இருக்கும் என்று அவள் வெந்நீர் போட்டு வைத்தாள்.

ஒரு மத்தியானம், கடையில் ஒரு பெரியவருக்குச் சட்டத்தை மாட்டி, காதுக்குப் பின்னால் வளைவு சரியாக உட்கார்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அலறவில்லை, அழைத்தது. அவர்.

அவர் வேலை நேரத்தில் கூப்பிடுகிறவரே இல்லை. பிசுபிசுக்கிற கையால் போனைத் தொட்டால் போன் கையோடு வந்துவிடும் என்பார்.

"என்னங்க?"

மறுபக்கம் ஏதோ மரம் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது.

"லென்ஸு, இங்க வர முடியுமா?"

"எங்க, ஹோட்டலுக்கா? என்ன ஆச்சு? உடம்புக்கு ஏதாவது…"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. நீ வா. அந்தப் பாலிஷ் நேரத்தை எடுத்துட்டேன். இப்ப உன் போன் அடிக்கும். அடிச்சா பாலிஷுன்னு நினைச்சுக்காதே."

"அப்படின்னா?"

"வா, சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

வைத்த மறுகணம் போன் அலறியது. பெரியவர் திடுக்கிட்டு மூக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். தாங்கள் அன்பு செலுத்தும் நபருக்கு. முதலாளியிடம் என்ன சொன்னாள் என்று லென்ஸம்மாவுக்கே நினைவில்லை. பையைக்கூட எடுக்காமல் இறங்கி நடந்தாள், ஓடினாள், வந்த ஆட்டோவை மறித்து ஏறினாள்.

ஆட்டோவில் போகும்போது சைரன் அக்கா கூப்பிட்டாள். "ஏம்மா, இத்தனை நாளா வாயை மூடிட்டு இருந்த போனு திடீர்னு கத்துது? பட்டனை அழுத்த மறந்துட்டானா? பாலிஷுதானே?"

ஆமாம் அண்ணி, பாலிஷுதான் என்று சொல்லி இத்தனை நாள் பழகிய வாய். இன்றைக்கு அது வரவில்லை.

"தெரியல அண்ணி" என்றாள்.

மறுமுனையில் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அக்கா பேசாமல் இருந்ததை லென்ஸம்மா அன்றுவரை கேட்டதில்லை. பிறகு, மிகவும் மெல்லிய குரலில், "போ. போய் பக்கத்துல இரு. திட்டாதே" என்றாள். திட்டுவதற்கென்றே பிறந்தவள் சொன்னதைக் கேட்டு லென்ஸம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் சொன்னது காதில் ஓடிக்கொண்டே இருந்தது. பெஞ்சில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முகம் கண்ணுக்குள் நின்றது.

ஹோட்டலின் பின்வாசல் வழியாகப் போனாள். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு வாசனை. மதுக்கூடத்தின் கதவைத் தள்ளினால், இன்னும் பாட்டிலே வரவில்லை என்று அவர் சொன்ன இடத்தில், சுவர் முழுக்க அடுக்கடுக்காகப் பாட்டில்கள். மஞ்சள் விளக்கில் மின்னிக்கொண்டு நின்றன. கீழே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் பாலிஷ்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே மேடை மேல் ஒரு கண்ணாடித் தம்ளர். தம்ளரில் பாதிக்கு மேல் இருந்தது.

அவள் முதலில் தம்ளரைப் பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள். ஒரு முனையிலிருந்து கண்ணாடி மாதிரி பளபளத்து வந்த மெருகு, நடுவில் ஓரிடத்தில் சட்டென்று நின்றிருந்தது. பஞ்சுத் துணி வைத்த இடத்திலேயே ஒட்டிக் காய்ந்துபோயிருந்தது. பாலிஷ் போடுகிற கை நடுவில் நிற்கவே கூடாது. நின்ற இடத்தில் தழும்பு விழும். வீடு தீப்பற்றினாலும் அந்த இழுப்பை முடித்துவிட்டுத்தான் ஓடுவேன் என்கிற மனுஷர் அவர். அவர் கை பாதியில் நின்றிருக்கிறது என்றால் விஷயம் விளையாட்டல்ல என்று அவளுக்குப் புரிந்தது.

"யாரு குடுத்தா?"

"மேனேஜரு. கெட்ட மனுஷன் இல்ல, அவருக்கு ஒண்ணும் தெரியாது. மேடையைப் பாத்துட்டு அசந்துபோயிட்டாரு. இதுல முதல் தம்ளரு உங்களுக்குத்தான்னு ஊத்தி வெச்சுட்டுப் போனாரு."

"வேணாம்னு சொல்றதுக்கு வாய் இல்லையா?"

"சொல்லல."

அவள் ஆட்டோவில் கட்டி வைத்திருந்ததெல்லாம் அவிழ்ந்தது. "ஏன் சொல்லல? ஏங்க சொல்லல? பாட்டிலே வரலைன்னீங்க! எப்ப வந்துச்சு இதெல்லாம்?"

"போன வாரமே வந்துடுச்சு."

"போன வாரம்! தினமும் அந்தச் சிரிச்ச மூஞ்சியை அழுத்தினீங்களே!"

"நீ பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்தியே லென்ஸு. வேற எந்த மூஞ்சியை அழுத்துறது?"

அவர் தம்ளரைப் பார்க்காமல், தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அவரு வெச்சுட்டுப் போனதும் நான் பாட்டுக்கு வேலையைத்தான் பாத்தேன். கை போய்ட்டு வந்துட்டு இருந்துச்சு. மனசு மட்டும் கணக்கு போட்டுச்சு. பாலிஷ் நேரம் போட்டாச்சு. பட்டை கத்தாது. கத்தினாலும் பாலிஷுன்னு சொல்லிக்கலாம். வாசனை வந்தா ஸ்பிரிட்டு. கண்ணு சிவந்தா ஸ்பிரிட்டு. எது கேட்டாலும் பதிலு ரெடியா இருக்கு. நான் தேடக்கூட வேணாம், நீங்களே எல்லாரும் சேர்ந்து எனக்கு எழுதிக் குடுத்த பதிலு. வீட்டுக்கு வந்து உன்கிட்ட என்ன சொல்றதுன்னு நினைச்சுப் பாத்தேன். நீ என்ன சொல்லுவேன்னும் நினைச்சுப் பாத்தேன்." அவர் விரலில் காய்ந்திருந்த அரக்கைச் சுரண்டினார். "நீ நம்பினே லென்ஸு. என் மனசுக்குள்ள நீ அப்படியே நம்பிட்டு, எனக்கு வெந்நீர் போட்டுக் குடுத்தே. அப்பதான் எனக்கு கை நின்னுபோச்சு. தம்ளரைத் தொடவே இல்ல."

லென்ஸம்மா மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நம்பியிருப்பாள். அதில் சந்தேகமே இல்லை. இன்றைக்கு நம்பியிருப்பாள், நாளைக்கும் நம்பியிருப்பாள். சோறு இறங்காமல் வயிறு வீங்கி அவர் படுக்கிற வரைக்கும், 'பாலிஷு' என்று ஊருக்கெல்லாம் அவளே சொல்லிக்கொண்டு திரிந்திருப்பாள்.

"ஆமாங்க" என்றாள். "நம்பியிருப்பேன்."

அந்த நேரத்தில் மேனேஜர் உள்ளே வந்தார். டை கட்டிய இளம் வயதுக்காரர். கண்ணில் நீரோடு நிற்கிற பெண்ணையும், பெட்டியில் உட்கார்ந்திருக்கிற கிழவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னாச்சு? சரக்கு பிடிக்கலையா?" என்று பதறினார்.

"ரொம்பப் பிடிக்கும்" என்றாள் லென்ஸம்மா. "அதான் பிரச்சனை. தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போயிடுங்க சார். இவரு வேலை முடிக்கிற வரைக்கும் யாரும் எதையும் ஊத்தி வெக்காதீங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போய்த் தம்ளரை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, அலமாரிக்கு மேலே சுருட்டி வைத்திருந்த வெள்ளைத் துணியை இறக்கி, பாட்டில்கள் தெரியாதபடி சுவர் முழுக்கத் தொங்கவிட்டார். "நாளைக்கும் இப்படியே இருக்கட்டும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். நல்ல பிள்ளைதான், பாவம்.

லென்ஸம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாத்தனாருக்குப் போன் போட்டு, "குடிக்கல அண்ணி. நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்றாள். மறுமுனையிலிருந்து வந்த ஓசையில் துணிக்குப் பின்னால் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதியிருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆசி பாதி, வசவு பாதி.

பாலிஷ்காரர் எழுந்து, ஒட்டிக்கொண்டிருந்த பஞ்சுத் துணியைப் பிய்த்து எடுத்தார். தழும்பு ஆழமாக விழுந்திருந்தது. உப்புத்தாளை எடுத்து மடித்து, அந்த இடத்தை மட்டும் மெல்லத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துத் துடைத்து, புதுப் பஞ்சு உருட்டி, அரக்குக் கரைசலில் நனைத்தார். நெடி கிளம்பியது.

"நாளையிலேர்ந்து பாலிஷ் நேரமே கிடையாது" என்றாள். "போன் கத்தட்டும். எத்தனை தடவை வேணும்னாலும் கத்தட்டும்."

"உன் முதலாளி?"

"அவரு காந்தம் வெச்சிருக்காரு. திருகாணி தெறிச்சா நான் எடுத்துக்கறேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஓடி வருவே?"

"ஓடி வர மாட்டேன். போன் பண்ணுவேன். பாலிஷான்னு கேக்க மாட்டேன். நேராவே கேப்பேன். கோவம் வருமா?"

அவர் நனைத்த பஞ்சைப் பலகையின் மேல் வைத்தார். கை வளைந்து வளைந்து ஓடத் தொடங்கியது, நிற்காமல். "கேளு" என்றார். "நீ கேக்காம இருந்ததுதான் லென்ஸு எனக்கு பயம். கேளு."

அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு அவள் மடியில் போன் அலறியது. இரண்டு பேரும் துள்ளிவிட்டார்கள். அவர் கை மட்டும் நிற்கவில்லை.

அவள் அலறலை நிறுத்தினாள். "கண்ணு முன்னாடிதானே இருக்கீங்க" என்றாள்.

"பரவால்ல. கேளு."

"குடிச்சீங்களா?"

"இல்ல." கை பலகையின் கோடி வரை போய்த் திரும்பி வந்தது. "ஆனா வேணும்போல இருக்கு லென்ஸு. இப்பவும் இருக்கு. ரொம்ப இருக்கு."

அத்தனை வருஷத்தில் அவர் இதை அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் எழுந்து முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, அவர் முழங்கை இடிக்கிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள். ஸ்பிரிட்டு நெடி கண்ணை எரித்தது.

"அப்படியா" என்றாள். "எப்படி இருக்குன்னு சொல்லுங்க, கேக்கறேன்."

அவர் சொல்ல ஆரம்பித்தார்.